மணலை யார் கொட்டியது?

1

மெரினா கடற்கரையில் 2022 நவம்பர் 27ஆம் தேதி ஒரு மரப்பாதையைத் திறந்தார்கள். மணலுக்கு மேலாக, அலைக்குப் பக்கம் வரை போகும் 263 மீட்டர் பாதை. அதற்கு முன்பு சில ஆண்டுகளாக, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் தற்காலிகமாக ஒரு பாதை போடுவார்கள், எடுத்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கடலுக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் அந்தச் சில நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நிரந்தரப் பாதை வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். பின்னர் எங்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் அப்படி ஒரு பாதை வந்தது.

மாலையில் அந்தப் பக்கம் போனால் அதில் யார் யாரோ நடக்கிறார்கள். கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் இளம் தாய்மார்கள், முழங்கால் வலிக்காரர்கள், சும்மா செருப்பில் மணல் ஏறக் கூடாது என்று நினைப்பவர்கள். பாதையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது: “நல்ல விஷயம்தான். எல்லாருக்குமே யூஸ் ஆகுதே.”

இந்தக் கட்டுரை அந்த ‘எல்லாருக்குமே’ என்ற சொல்லைப் பற்றியது. ஆனால் கடற்கரையை அல்ல, இணையதளங்களை வைத்துத்தான் பேசப்போகிறேன். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் இன்று பெரும்பாலும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ‘இதனால் எல்லோருக்கும் பயன் உண்டு’ என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு செயலுக்குப் பயன் இருப்பது வேறு, அதைச் செய்ய வேண்டியதற்கான காரணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

2

முதலில் பயன்களை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அவை சிறியவை அல்ல.

1808 வாக்கில் இத்தாலியில் பெல்லக்ரினோ தூர்ரி என்பவர் பார்வையிழந்த தன் தோழிக்காக, அவர் தானே கடிதம் எழுதிக்கொள்வதற்கென ஒரு தட்டச்சுக் கருவியைச் செய்தார். உலகின் ஆரம்பகாலத் தட்டச்சுப் பொறிகளில் அது ஒன்று. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் சக்கர நாற்காலி மாணவர்கள் போராடிப் பெற்ற நடைபாதைச் சரிவுகளில் இன்று பெட்டி இழுத்துப் போகிறவர்களும் மிதிவண்டிக்காரர்களும்தான் அதிகம் ஏறி இறங்குகிறார்கள். காது கேளாதவர்களுக்காகக் காணொளியில் போடப்படும் வரிகளை, ஹெட்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு பஸ்ஸில் ஏறியவர் படிக்கிறார்.

இணையத்தில் இது இன்னும் வெளிப்படை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிறவேறுபாடு இத்தனை மடங்காவது இருக்க வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறை சொல்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1. மங்கிய பார்வை உள்ளவர்களுக்காக வகுத்த அளவு இது. நல்ல பார்வையுள்ள ஒருவர் மதியம் மூன்று மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் நின்று போனைப் பார்க்கட்டும். வெளிர்சாம்பல் எழுத்துகள் அந்த வெயிலில் என்ன ஆகின்றன என்று தெரியும். கூகுளும் ஒரு வகையில் பார்வையற்ற வாசகர்தான். பக்கத்தின் அழகு அதற்குத் தெரியாது, எழுத்தும் தலைப்பும்தான் தெரியும். திரைபடிப்பான் மென்பொருளுக்கு வாகாக இருக்கும் பக்கம் தேடுபொறிக்கும் பெரும்பாலும் வாகாகவே இருக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனம் உலக அளவில் 130 கோடி, அதாவது ஆறில் ஒருவர் என்கிறது. எந்த வியாபாரியும் ஆறில் ஒரு வாடிக்கையாளரை வாசலில் நிறுத்த மாட்டார்.

மூன்றாவது வாதம் முதுமை. பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் இரண்டாம் மாடி ஃபிளாட்டில். கரண்ட் பில், சொத்து வரி, மருந்து, பென்ஷன், பேரனின் முகம், எல்லாமே ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள். கை கொஞ்சம் நடுங்க ஆரம்பித்ததும், கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும், நேற்றுவரை எளிதாக இருந்த பொத்தான் இன்று சின்னதாகிவிடுகிறது. ‘நாளைக்கு நமக்கும் வரும்’ என்ற வாதம் அவர்களிடம் சட்டென எடுபடும். அது வெறும் பயமுறுத்தலும் அல்ல, உண்மை.

மூன்றும் உண்மை. மூன்றையும் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். மூன்றிலும் மையத்தில் இருப்பவர் மாற்றுத்திறனாளி அல்லர். முதலாவதில் பஸ் பயணி, இரண்டாவதில் வியாபாரி, மூன்றாவதில் நாளைய நான்.

கண்ணும் தெரியாத, காதும் கேளாத ஒருவரை நினைத்துக்கொள்வோம். விரலுக்கடியில் புள்ளிகள் எழும்பித் தாழும் பிரெய்ல் கருவியின் வழியாக அவர் ஒரு பக்கத்தை வாசிக்கிறார். அவருக்காகச் செய்யும் ஏதோ ஒரு திருத்தத்தால் வேறு யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையும் சொற்பம். அப்போது ‘எல்லாருக்குமே யூஸ் ஆகுதே’ என்ற வாதத்திடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னும் சங்கடமான நிலையும் உண்டு. பெரும்பான்மையின் சௌகரியம் எதிர்த்திசையில் இழுக்கும்போது? ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிப்பதற்காகக் கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா, தளத்தின் பாதுகாப்புக்காக, அதாவது எல்லோருடைய நன்மைக்காக வைக்கப்பட்டது. மாற்றாக ஒலிவடிவம் தராத இடங்களில் பார்வையற்றவர் வெளியே நின்றுவிடுகிறார். இங்கே கணக்குப் போட்டால் எல்லோருடைய நன்மைதான் ஜெயிக்கும். மற்றவர்களின் சௌகரியத்தின் முதுகில் ஏறிவரும் உரிமை, அந்தச் சௌகரியம் உதறும்போது கீழே விழுந்துவிடும்.

3

என் நண்பர் ஒருவர் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவருடைய போன் பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அவரிடம் ஒருமுறை, வீட்டில்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது படித்துக்காட்டினால் போதாதா என்று பலரும் கேட்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

“உதவி பண்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல சார். எல்லாரும் தங்கமானவங்க. அதனாலதான் கோபப்படக்கூட முடியல” என்றார். பிறகு சொன்னார்: “பிளட் டெஸ்ட் எடுத்திருந்தேன். ரிசல்ட் போன்ல வந்துது, ஆனா படமா வந்துது. என் போன் அதை ‘இமேஜ்’னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிச்சு. அக்கா பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நல்லாத்தான் படிச்சுட்டே வந்தான். ஒரு எடத்துல குரல் நின்னுது. ஒரு செகண்ட்தான். அப்புறம், ‘ஒண்ணுமில்ல மாமா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்’னான். என் உடம்புல என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை என்கிட்ட எவ்வளவு சொல்லணும்னும் அவனே முடிவு பண்ணிட்டான். பாசத்துலதான் பண்ணினான். நான் என்ன சொல்ல?”

இதில் இழந்தது என்ன? தகவல் அல்ல, அது கடைசியில் அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவர் இழந்தது வரிசையை. என் உடம்பைப் பற்றிய செய்தி முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும். அதோடு கொஞ்ச நேரம் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் தீர்மானிக்க வேண்டும். பார்வையுள்ளவர்கள் இதை ஒரு உரிமையாக நினைத்துப் பார்த்ததே இருக்காது. மூச்சு விடுவதைப் போல அது இருந்துகொண்டே இருக்கிறது.

நம் குடியரசு ஓரிடத்தில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் குறிகள் இருக்கின்றன. பார்வையற்ற வாக்காளர் தனக்கு உதவியாக ஒருவரை அழைத்துச் செல்லவும் தேர்தல் விதி இடம் தருகிறது. பிறகு பிரெய்ல் எதற்கு? அழைத்துவந்த மகன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனாலும், யாருக்கு வாக்களித்தேன் என்பது மகனுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அதற்கு வழியிருக்க வேண்டும். வாக்குச்சாவடியில் ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை வங்கிக் கணக்குக்கும், மருத்துவ அறிக்கைக்கும், காதல் கடிதத்துக்கும், வேலை விண்ணப்பத்துக்கும் நீட்டிப் பார்த்தால், அணுகத்தக்க இணையதளம் எதற்காக என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஓ.டி.பி.யைப் பக்கத்துவீட்டுக்காரரிடம் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும் வாழ்க்கையில் கடவுச்சொல் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதுவும் நியாயமானதே. மனிதர் மனிதரைச் சார்ந்திருப்பதில் என்ன கேவலம்? யாரையும் சாராமல் வாழ்வதை உயர்வாகக் காட்டுவது மேற்கத்திய தனிமனிதவாதம் இல்லையா? தத்துவவாதி அலஸ்டேர் மெக்கின்டயர் 1999இல் எழுதிய நூல் ஒன்றில் சார்பு என்பது மனித வாழ்வின் விபத்து அல்ல, இயல்பு என்று வாதிட்டார். குழந்தையாக, நோயாளியாக, முதியவராக எல்லோரும் சார்ந்தே வாழ்கிறோம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்பில் இரண்டு வகை உண்டு. காலையில் பால் பாக்கெட் வாசலுக்கு வருகிறது. கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி வருகிறது. லிஃப்ட் வேலை செய்கிறது. இவற்றை இயக்கும் நூற்றுக்கணக்கான மனிதர்களை நாள் முழுவதும் சார்ந்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் முகம் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு நேரமிருக்கிறதா, மனநிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதில்லை. நன்றிக்கடன் ஏறாத சார்பு அது. ‘நான் என் சொந்தக்காலில் நிற்கிறேன்’ என்று சொல்பவர் உண்மையில் சொல்வது, தன் சார்புகளெல்லாம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடுகளாகிவிட்டன என்பதைத்தான். மாற்றுத்திறனாளியின் சார்புகள் மட்டும் இன்னும் முகம் பார்த்துக் கேட்கும் வகையில் நிற்கின்றன. அணுகத்தக்க இணையதளம் அவரை யாரையும் சாராதவராக ஆக்குவதில்லை. மற்றவர்கள் சார்ந்திருக்கும் விதத்தில் அவரும் சார்ந்திருக்க வழிசெய்கிறது, அவ்வளவுதான்.

ஈகையை ஓர் அதிகாரமாக வைத்த வள்ளுவர், இரவச்சம் என்றும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். கொடுப்பது நல்லது என்பதனால் கேட்க நேர்வதும் நல்லதாகிவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பண்பாட்டில் முதல் அதிகாரத்துக்கு மேடை அதிகம்.

4

இப்போது மணலுக்கு வருகிறேன். கடற்கரைப் பாதையையும் இணையதளத்தையும் ஒன்றுபோலப் பேசுவது வழக்கம். இரண்டுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு இருக்கிறது.

கடற்கரையில் மணலை யாரும் சதிசெய்து கொட்டவில்லை. கடல் கொண்டுவந்து போட்டது. அதன்மேல் பாதை போடுவது கூடுதலான ஒரு வேலை. இணையம் அப்படியல்ல. அடிப்படையில் ஒரு இணையப் பக்கம் என்பது வெறும் எழுத்து. தலைப்பு, பத்தி, இணைப்பு என்று அடையாளமிட்ட எழுத்து. அந்த எளிய வடிவத்தில் திரைபடிப்பான் அதை வாசிக்கும், பிரெய்ல் கருவி காட்டும், எழுத்தைப் பெரிதாக்கலாம், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் அதில் உலவலாம். எழுத்தைப் படமாக்குவதும், பெயரில்லாத பொத்தானை வைப்பதும், மவுஸ் இருந்தால் மட்டுமே திறக்கும் பட்டியலைப் போடுவதும் பிறகு நாம் செய்பவை. இணையத்தில் மணல் இல்லை. மணலைக் கொட்டுவது நாம்.

தமிழுக்கு இதில் தனி வரலாறு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் இணையம் பாமினி, வானவில், டிஸ்கி என்று பல எழுத்துருக்களிலும் குறியேற்றங்களிலும் கிடந்தது. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும். ஆனால் கணினிக்குள் இருப்பது தமிழே அல்ல. எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுவிடும். பார்க்கிறவருக்கு வேஷம் தெரியாது. காதால் படிப்பவருக்கு ‘எம் கே செமிகோலன் கே எச்’ என்று கேட்கும். அம்மா என்ற சொல்லே அவருக்கு இல்லை.

யூனிகோடு வந்ததனால் தேடலும் மின்னஞ்சலும் போனில் தமிழும் எளிதாயின என்று நாம் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் பார்வையற்ற தமிழ் வாசகருக்கு அது எளிதாக்கல் அல்ல, முதன்முதலாகத் தமிழ் கிடைத்த நிகழ்வு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அதன் பிறகும் ஒரு அரசாணையையோ சுற்றறிக்கையையோ தட்டச்சு செய்து, அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் ஏற்றும் வழக்கம் நீடிக்கிறது. எழுத்தாகப் பிறந்த ஒன்றைப் பாடுபட்டுப் படமாக மாற்றி, படிக்க முடியாததாக ஆக்குகிறோம்.

பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் மைக்கேல் ஆலிவர் போன்ற அறிஞர்களும் முன்வைத்த பார்வை இதுதான். உடலில் இருக்கும் குறை ஒன்று, அந்த உடலைக் கணக்கில் கொள்ளாமல் சமூகம் கட்டியெழுப்பும் தடை இன்னொன்று. ஒருவரை முடக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான். படிக்கட்டைப் பற்றிப் பேசும்போது இது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம், மலையும் மணலும் சமூகம் கட்டியவை அல்லவே என்று கேட்கலாம். இணையத்தைப் பற்றி அப்படிக் கேட்க இடமில்லை. அங்கே ஒவ்வொரு கல்லும் மனிதர் வைத்தது.

எல்லாமே தானாகக் கிடைத்துவிடும் என்று சொல்லவரவில்லை. காணொளிக்கு வரிகள் எழுத வேண்டும், சைகைமொழி பெயர்க்க வேண்டும், படத்துக்கு விவரிப்பு எழுத வேண்டும். இவை கூடுதல் உழைப்புதான். படவிவரிப்பையே எடுத்துக்கொள்வோம். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ்காரரின் நினைவாகக் கட்டியது. அதன் படத்தை ஒரு கட்டுரையில் போடுகிறோம். விவரிப்பில் என்ன எழுதுவது? வரலாற்றுக் கட்டுரை என்றால் சின்னத்தின் பெயரும் வடிவமும் போதும். பராமரிப்பைப் பற்றிய கட்டுரை என்றால் சுவரின் நிலையைச் சொல்ல வேண்டும். ஆக, இந்தப் படம் இங்கே எதற்கு என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் விவரிப்பு எழுத முடியும். பதில் இல்லையென்றால் அந்தப் படமே அங்கே தேவையில்லை. இது எழுதுகிறவரின் வேலைக்குள் அடங்கியதுதான், வெளியிலிருந்து வந்த சுமை அல்ல.

5

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் 2017இல் வந்த விதிகள், சட்டம் கட்டாயம் என்றதைப் பரிந்துரைபோல ஆக்கிவிட்டன. 2024 நவம்பர் 8ஆம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து வந்த வழக்கை இன்னும் முக்கியமானதாக நினைக்கிறேன். அமில வீச்சிலிருந்து பிழைத்த பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். கணினிவழி அடையாளச் சரிபார்ப்பில், எதிரே இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிசெய்ய ஒரு சோதனை இருந்தது. கண்ணைச் சிமிட்ட வேண்டும். காயங்களால் அவரால் சிமிட்ட முடியாது. அவரது மனுவையும், பார்வையற்றவரான அமர் ஜெயின் மனுவையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30ஆம் தேதி தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழ்வதற்கான உரிமையின் பகுதி என்றது. சரிபார்ப்பு முறைகளை மாற்றச் சொல்லி 20 வழிகாட்டுதல்களும் தந்தது.

கண் சிமிட்டுவது உயிரோடிருப்பதற்கான சான்று என்று யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. மோசடியைத் தடுக்கும் நல்ல எண்ணம்கூட. ஆனால் மனிதர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற ஒரு வரையறையை அவர் எழுதிவிட்டார், அந்த வரையறைக்கு வெளியே உயிருள்ள ஒரு பெண் நின்றார். ஒவ்வொரு இணையப் படிவத்துக்குள்ளும் இப்படி ஒரு வரையறை ஒளிந்திருக்கிறது. மனிதர் என்பவர் பார்ப்பார், கேட்பார், முப்பது விநாடிக்குள் தட்டச்சு செய்வார், அவருடைய கைரேகை அழிந்திருக்காது. பயன் என்ற மொழியில் பேசினால் இந்த வழக்கில் பேசுவதற்கு ஏதுமில்லை. கண் சிமிட்டும் சோதனையை நீக்கினால் மற்றவர்களுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அதனால்தான் நீதிமன்றம் லாபத்தைக் கேட்கவில்லை, அவர் மனிதர்தானே என்று கேட்டது.

6

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பெரிய வங்கியால் முடியும், ரெண்டு பேர் நடத்தும் கடையால், சிறுபத்திரிகையால் முடியுமா? முடியாததைச் செய்யச் சொல்வது அறம் ஆகாது. சட்டமும் அளவுக்கு மீறிய சுமையை யார்மேலும் ஏற்றச் சொல்லவில்லை.

ஆனால் நடைமுறையில் தடையாக இருப்பவை எவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் உலகின் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில் பிழைகள் இருந்தன. பெரும்பாலானவை ஆறே வகையில் அடங்கிவிட்டன: மங்கிய எழுத்து, விவரிப்பில்லாத படம், பெயரிடாத படிவக்கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், பக்கத்தின் மொழி எதுவென்று குறிப்பிடாமை. இந்தக் கடைசிப் பிழை தமிழ்த் தளங்களைத் தனியாகப் பாதிக்கும். ஆங்கிலப் பக்கம் என்று உள்ளே குறித்துவிட்டுத் தமிழில் எழுதியிருந்தால், திரைபடிப்பான் ஆங்கிலக் குரலைத் தேர்ந்துகொண்டு திணறும். திருத்த ஒரு வரி போதும். என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பானை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு இளைஞர்கள் 2006இல் தொடங்கி இலவசமாகவே தந்துவருகிறார்கள். சோதித்துப் பார்க்கவும் காசு வேண்டாம். எனவே இங்கே தடையாக இருப்பது பெரும்பாலும் பணமல்ல, பழக்கம்.

பணத்தைவிடக் கடினமானது பராமரிப்பு. மெரினா பாதையைப் புயல் பெயர்த்தது. இணையதளத்துக்குப் புயல் தேவையில்லை, அடுத்த அப்டேட் போதும். நேற்றுவரை பேசிய செயலி இன்று புதிய வடிவமைப்போடு வந்து ஊமையாகிவிடும். ஒருமுறை செய்து, திறந்துவைத்து, படமெடுத்துக்கொள்ளும் காரியமல்ல இது. வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது. கொடை என்று நினைப்பவர் ஒருமுறை கொடுத்ததும் நிம்மதியாகிவிடுவார். கடமை என்று நினைப்பவர்தான் மறுநாளும் வந்து பார்ப்பார். காரணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காரணம் தவறாக இருந்தால் வேலை பாதியில் நிற்கும்.

7

கடைசியாக, இலக்கிய வாசகர்களாகிய நமக்கு நெருக்கமான ஒன்று.

2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்றிக்கொள்ள இந்தியா அனுமதித்தது. அச்சு நூல்களைப் படிக்க இயலாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதல், ஸ்கேன் படங்களாகக் கிடந்த நாட்டுடைமை நூல்களை எழுத்தாக மாற்றிவரும் விக்கிமூலம் வரை, தன்னார்வலர்கள் செய்த பணியும் பெரியது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் இன்று சமூக ஊடகங்களில் தமிழ்க் கவிதை எப்படிச் சுற்றுகிறது? அழகான பின்னணியில், அழகான எழுத்துருவில், படமாக. ஆயிரம் பேர் விருப்பக்குறி இடும் அந்தக் கவிதை காதால் படிப்பவருக்கு ‘இமேஜ்’ என்ற ஒற்றைச் சொல். கீழே எழுத்தாகவும் ஒருமுறை இட்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை.

“யாராவது படிச்சுக் காட்டுவாங்க, அது பிரச்சினையில்ல” என்றார் அதே நண்பர். “ஆனா ஒருத்தர் அரைமணி நேரம் தொண்டை வறளப் படிச்சுக் காட்டும்போது, ‘போர் அடிக்குது, நிறுத்துங்க’ன்னு சொல்ல முடியுமா? அடுத்தவர் தயவுல படிச்ச எல்லாப் புத்தகமும் எனக்குப் பிடிச்சிருந்துது சார். வேற வழி?”

அணுகத்தக்க இணையத்தின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு பார்வையற்ற வாசகர் நள்ளிரவில், யாரையும் எழுப்பாமல், தானாக இந்தப் பக்கத்துக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையை இரண்டாம் பத்தியிலேயே பிடிக்காமல் மூடிவிட்டு வேறொன்றுக்குப் போக வேண்டும். அவர் போனது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. யாருக்கும் அவர் சமாதானம் சொல்ல வேண்டியதும் இல்லை.